மூன்றாவது வளையம்

தெருவில் அவளை மூடியம்மா என்று கூப்பிடுகிறார்கள். முகத்துக்கு நேராகவே கூப்பிடுகிறார்கள், அவளும் திரும்பிப் பார்க்கிறாள். புதனும் சனியும் கரைக்கு அந்தப்பக்கம் இருக்கிற சதுப்புக்குப் போய்ச் சேற்றுக்கு மூடி போட்டுவிட்டு வருவது அவளுடைய வேலை. கேட்பவர்களுக்கு அப்படித்தான் சொல்லுவாள். அதற்குமேல் விளக்கினால் கேட்கிறவர்கள் பாதியிலேயே கடைக்குப் போகணும் என்று கிளம்பிவிடுகிறார்கள்.

அதற்குமுன் இருபத்திரண்டு வருஷம் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடித்தாள். அங்கே ஒரு பழக்கம் உண்டு. விரிப்பில் கிழிசல் இருந்தால் அதை உள்பக்கமாக வைத்து மடித்து அடுக்கிவிடுவார்கள். வார்டில் விரிக்கிறபோது தெரியும், ஆனால் மடித்தது யார் என்று தெரியாது. மூடியம்மா கிழிசலை மேலே தெரிகிற மாதிரிதான் மடிப்பாள். இதனால் மேற்பார்வையாளரிடம் நல்ல பெயரும், கூட வேலை செய்தவர்களிடம் அதற்குச் சமமான கெட்ட பெயரும் கிடைத்தன. மடிக்க இயந்திரம் வந்தபோது இரண்டு பெயரும் உதவவில்லை. அப்போது ஐம்பத்தோரு வயது. முழங்கால் இரண்டும் போய்விட்டிருந்தன.

வீட்டில் மூன்று பேர். கணவர் கொத்தனார். அவருடைய அக்கா, பஸ் டிப்போவில் டிக்கெட் கவுண்டரில் இருந்து ஓய்வு பெற்றவள், முன்னறையில் ஜன்னலோரக் கட்டிலில் இருக்கிறாள். கவுண்டர் போனாலும் ஜன்னல் போகவில்லை என்பார் கொத்தனார். மகள் கல்யாணமாகி வேறு ஊரில்.

வீட்டு வாசலில் ஐந்து படிகள். மூடியம்மா கல்யாணமாகி வந்தபோது இரண்டுதான் இருந்தன. வீடு உயரவில்லை. வீடு அடியில் இருக்கிற கெட்டிக் களிமண் வரை தூண் இறக்கிக் கட்டியது, அது அப்படியே நிற்கிறது. தரைதான் இறங்குகிறது. தெருவே பழைய சதுப்பை வடித்துப் போட்ட தெரு. தெருமுனையில், யாரோ ஒரு காலத்தில் களிமண் வரை அடித்துவைத்த இரும்புக் குழாய் ஒன்று நிற்கிறது. அவள் மணப்பெண்ணாக வந்த வருஷம் அதன் தலை முழங்கால் உயரம். இப்போது இடுப்புக்கு மேலே. ஒவ்வொரு வீட்டிலும் எட்டு ஒன்பது வருஷத்துக்கு ஒருமுறை கடைசிப் படிக்குக் கீழே காலை வைத்தால் பள்ளம் தட்டும், உடனே கொத்தனாருக்கு ஆள் வரும். தெருவில் பாதிப் படி அவர் கைவேலை.

சதுப்பு வேலையில் சேர்ந்த முதல் நாள், ஆய்வாளர் அந்தக் குழாய்க்கு விளக்கம் சொன்னாள். ஆய்வாளருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும், ஒல்லி, எப்போதும் முழங்கை வரை சேறு. கரையோரத்தில் இருந்து ஒரு பிடி கறுப்புச் சேற்றை எடுத்து மூடியம்மாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

"இதுல பாதி செத்த கோரைதாம்மா. ஆயிரக்கணக்கான வருஷமா மக்காம கெடக்கு. தண்ணி மூடியிருந்ததால உள்ள காத்து போகல. தண்ணிய வடிச்சா காத்து போகும், மக்க ஆரம்பிக்கும். மக்கினது கரியமில வாயுவா மேல போயிடும். போனது போக மிச்சம் இருக்கிற தரை கீழ இறங்கிடும்."

"அப்ப எங்க வாசல்?"

"அதுவும் அப்படித்தான் போச்சு."

அன்று மத்தியானம் சாப்பாட்டு மேஜையில், நம்ம வாசல் காத்தாப் போச்சாம் என்று அவள் சொன்னாள். கொத்தனார் தட்டில் இருந்து தலையைத் தூக்கவில்லை.

"நான் போட்ட சிமெண்ட்டா?"

"உங்க சிமெண்ட்டு அப்படியே இருக்கு. அது நிக்கிற மண்ணு."

"அதானே பாத்தேன்," என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "ஏம்மா, நீங்க எல்லாருமா சேர்ந்து தரை எறங்குறத நிறுத்திட்டா எனக்கு யாரு படி கட்ட ஆள் அனுப்புவாங்க? ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு எம்பொழப்புல கை வைக்கிறியே."

"முதல்ல நம்ம வீட்டு ஆறாவது படிய கட்டு," என்றாள் ஜன்னலோரத்திலிருந்து அக்கா. "அப்புறம் ஊரு பொழப்பப் பேசலாம்."

கரைக்கு அந்தப்பக்கம் முப்பத்தைந்து வருஷம் வயலாக இருந்தது. தரை இறங்கி இறங்கி, பம்பு வைத்து வடிக்கிற செலவுக்கு விளைச்சல் கட்டாத நிலைக்கு வந்ததும் இரண்டு வருஷம் முன்னால் வடிகாலை மதகு வைத்து அடைத்துவிட்டார்கள். தண்ணீர் நின்றது, கோரை வந்தது, நாரை வந்தது. ஆனால் தண்ணீர் வந்ததோடு கதை முடிந்துவிடவில்லை. காற்றில்லாத சேற்றில் மக்குவது நின்றுபோகும், கரியமில வாயு குறையும். அதே சேற்றில் இருந்து மீத்தேன் குமிழாக வரும். காற்றில் இருக்கிறவரை மீத்தேன் கரியமில வாயுவைவிட அதிகம் சூடேற்றும் சரக்கு. மிச்சப்படுவது பெரிதா, குமிழாக வருவது பெரிதா என்று தெரிய வேண்டும். தெரிந்துகொள்ளத்தான் மூடி.

சதுப்பில் ஏழு இடத்தில், வாளி வாய் அகலத்துக்கு வளையம் புதைத்திருக்கிறது. வளையத்தின் விளிம்பில் தண்ணீர் நிற்கிற பள்ளம். அதில் மூடியை உட்கார்த்திவிட்டால் உள்ளே இருக்கிற காற்று வெளியே போகாது. போட்டவுடன் ஒரு முறை, பிறகு பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை, ஆக நான்கு தடவை சிரிஞ்சால் உள்ளே இருக்கிற காற்றை இழுத்துச் சின்னக் கண்ணாடிக் குப்பியில் அடைக்க வேண்டும். குப்பியில் எண், நேரம், தேதி. அடுத்த வளையம். குப்பிகள் வேறு ஊரில் இருக்கிற ஆய்வகத்துக்குப் போய்ப் பன்னிரண்டு நாளில் எண்களாகத் திரும்பி வரும்.

ஒரு விதி முக்கியம். அதை ஆய்வாளர் பெரிய எழுத்தில் எழுதி நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டியிருந்தாள்: சேற்றில் கால் வைக்கக் கூடாது. மிதித்தால் சேற்றில் அடைந்து கிடக்கிற குமிழ் வெளியே வந்துவிடும், தானாக வந்தது எது, மிதித்து வந்தது எது என்று தெரியாது. அதற்காகத்தான் தூண் நட்டுப் பலகைப்பாதை போட்டிருந்தார்கள். ஆறு வளையத்தில் பாதை அகலம்; காலைத் தொங்கப்போட்டு உட்காரலாம். மூன்றாவது வளையத்துக்குப் போகும்போது மரம் போதவில்லை, ஒற்றைப் பலகைதான். அதில் அரைமணி நேரம் குந்தியிருக்க வேண்டும்.

மூன்றாவது மாதம் அவளால் குந்தியிருக்க முடியவில்லை. வீட்டில் சமையலறை முக்காலி ஒன்று இருந்தது, தேக்கு, கனமானது. அதைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனாள். பலகையில் வைத்தால் ஆடியது. பலகைக்குப் பக்கத்தில் சேற்றில் வைத்துப் பார்த்தாள், கால் புதைந்தது. கொத்தனாரிடம் கேட்டாள்.

"சேத்துல எதையாவது நிறுத்தணும்னா அடியில அகலமா ஒண்ணு போடணும்மா," என்றார். அது அவருக்குத் தெரியாத விஷயமா. உடைந்த அலமாரியின் கதவை அளவாக வெட்டிக் கொடுத்தார். அவள் அதைச் சேற்றில் பரப்பி, அதன்மேல் முக்காலி வைத்து, உட்கார்ந்து, காலிரண்டையும் தூக்கிப் பலகைமேல் வைத்துக்கொண்டாள். விதிப்படி கால் சேற்றில் படவில்லை. ஆறாவது நிமிஷத்தில் முழங்கால் வலி நின்றது. இதை ஏன் முதல் நாளே செய்யவில்லை என்று தன்னையே திட்டிக்கொண்டாள். கதவு சதுப்பிலேயே கிடந்தது. முக்காலி மட்டும் சமையலுக்கு வேண்டும் என்பதால் போய்ப்போய் வந்தது.

ஐந்து மாதம் இப்படி.

மூன்றாவது வளையத்து எண்கள் ஏறின. மற்ற ஆறையும்விட மூன்று மடங்கு, சில வாரம் நாலு மடங்கு. வெயில் காலம் வந்துவிட்டது, அந்த இடம் பள்ளம், தண்ணீர் ஆழம் என்று ஆய்வாளர் காரணம் கண்டுபிடித்தாள். சிக்கல் என்னவென்றால் அந்தப் பள்ளத்தைப்போலத்தான் சதுப்பில் பாதி இடம். மூன்றாவது வளையத்து எண்ணைப் பாதிச் சதுப்பால் பெருக்கினால், தண்ணீர் நிறுத்தியதால் லாபத்தைவிடக் கேடு அதிகம் என்று வந்தது. முன்பு வயல்களைப் பம்பு வைத்து வடித்துவந்த வடிகால் சங்கத்துக்கு இந்தச் செய்தி இனித்தது. மதகைத் திறந்து மறுபடி வடித்துவிடுவதா, அடைத்தே வைப்பதா என்று முடிவு செய்யக் கூட்டம் வைத்தார்கள். மூடியம்மாவின் வேலையும் அந்தக் கூட்டத்தோடுதான் முடிவாகும். மதகு திறந்தால் மூடி போடச் சதுப்பே இருக்காது.

கூட்டத்துக்குப் பதினொரு நாள் இருக்கும்போது, திங்கட்கிழமை காலை, ஆய்வாளர் போன் செய்தாள்.

"அம்மா, போன வாரத்துக்கு முந்தின புதன்கிழமை. மூணாவது வளையத்துக் குப்பியெல்லாம் இறுக்கி மூடினீங்களா?"

"ஏன் மேடம்?"

"நம்பர் ரொம்பக் கம்மியா இருக்கு. மத்த வளையம் மாதிரியே இருக்கு. குப்பி கசிஞ்சிருக்கும்னு நினைக்கிறேன். பரவால்ல, அந்த ஒரு நாளை அடிச்சுடறேன்."

"நான் மூடின குப்பி கசியாது மேடம்."

"யாருக்கும் நடக்கிறதுதாம்மா," என்று வைத்துவிட்டாள்.

அந்தப் பரவாயில்லைதான் மூடியம்மாவைச் சுட்டது. எட்டு மாதத்தில் ஆயிரத்து எண்ணூறு குப்பிக்குமேல் மூடியிருப்பாள், ஒன்றின் ரப்பரையும் கட்டைவிரலால் இரண்டு தடவை அழுத்தாமல் விட்டதில்லை. பாத்திரம் கழுவிக்கொண்டே அந்தப் புதன்கிழமையை நினைத்துப் பார்த்தாள். மழை இல்லை. காற்று இல்லை. சிரிஞ்சு பழையதுதான். அன்றைக்கு முழங்கால் வலியில் மட்டும் உயிர் போயிற்று. ஏன் போயிற்று?

"அக்கா, உங்க கால் எப்ப பெசகிச்சு?"

"ஏன், இப்பத்தான் விசாரிக்கத் தோணிச்சா?" என்றாள் அக்கா. "செவ்வாக்கெழம. கால ஒசத்தி வைக்கச் சொன்னாங்க. புதன்கிழம காலையில முக்காலியக் குடுக்க மாட்டேன்னு நீ நின்ன நெல இருக்கே, நான் மறக்கல. ஒரு நாள், ஒரே ஒரு நாள் கேட்டேன். அதையும் மூஞ்சியத் தூக்கிக்கிட்டுத்தான் வச்சுட்டுப் போன."

மூடியம்மா குழாயை மூடினாள்.

அன்று அவளுக்குச் சதுப்பில் வேலை இல்லை. இருந்தாலும் முக்காலியைக் கட்டிக்கொண்டு போனாள். மூன்றாவது வளையத்தில் மூடி போடாமல், பலகைமேல் நின்று தண்ணீரைப் பார்த்தாள். ஒன்றும் இல்லை, ஒரு பூச்சி ஓடியது. முக்காலியைக் கதவின்மேல் வைத்து உட்கார்ந்தாள். வளையத்துக்குள் கொதிக்கத் தொடங்குகிற பால்போல ஓரமாகக் குமிழ்கள் வந்தன. எழுந்தாள். நின்றன. மறுபடி உட்கார்ந்தாள். மறுபடி வந்தன. சிரிஞ்சு இழுக்கிற மாதிரி முன்னால் குனிந்தாள், இன்னும் நாலு வந்தன. கதவு வளையத்தின் விளிம்புக்கு அடியில் வரை போயிருந்தது. கால் மட்டும் சுத்தமாகப் பலகைமேல் இருந்தது.

அடிக்கப்படப்போகிற அந்த ஒரு நாள்தான் சரி. மீதி ஐந்து மாதமும் அவளுடைய எடை.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னாள். கொத்தனார் தாடையைத் தடவினார்.

"பாரத்தப் பரப்பிவிடச் சொன்னது நான்தானே?"

"நீங்க சொன்னது கொத்து வேலைக்கு. தப்பு எனது."

"சொல்லாம விட்டா?"

"மதகு தொறந்துடும்."

"சொன்னா?"

"அஞ்சு மாசத்த அடிச்சுடுவாங்க. என்னையும் சேர்த்து."

"யாருக்கும் தெரியாதேம்மா," என்றார். வற்புறுத்தவில்லை, கேட்டுப் பார்த்தார், அவ்வளவுதான். இருபத்தெட்டு வருஷமாக அவருக்கும் அவளைத் தெரியும்.

"அவ கிழிசல வெளிய வச்சு மடிக்கிறவ," என்றாள் அக்கா ஜன்னலைப் பார்த்தபடியே. "நீ ஏன் தொண்டையக் கெடுத்துக்கறே."

மறுநாள் காலை ஆய்வாளரின் அறைக்குப் போனாள். சின்ன அறை. பாதி இடத்தைக் குளிர்பெட்டி அடைத்துக்கொண்டிருந்தது, நாற்காலியில் தட்டுத் தட்டாகக் காய்ந்த சேறு. உட்கார இடமில்லாததே நல்லதாகப் போயிற்று. நின்றபடியே சொன்னாள்.

"மேடம், அந்தப் புதன்கிழம சரி. மத்ததுதான் தப்பு."

"எது மத்தது?"

"அஞ்சு மாசம். மூணாவது வளையம் மட்டும்."

முக்காலி, கதவு, அக்காவின் கால் என்று வரிசையாகச் சொல்லி முடித்தாள். ஆய்வாளர் பேனாவை மூடி வைத்தாள். பிறகு திறந்தாள். "வாங்க," என்று மட்டும் சொல்லிவிட்டுப் பூட்ஸை மாட்டிக்கொண்டாள்.

சதுப்பில் மூடியம்மாவை உட்காரச் சொன்னாள், எழச் சொன்னாள், உட்காரச் சொன்னாள். பன்னிரண்டு தடவை. குமிழ்களை எண்ணி எழுதினாள். காற்றில்லாத காலை, நன்றாகத் தெரிந்தது.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேம்மா."

"முட்டி வலின்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு மேடம். வயசாயிடுச்சுன்னு வேற ஆள போட்டுட்டா?"

ஆய்வாளர் நோட்டின் முதல் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றாள். "நான் என்ன எழுதியிருக்கேன்?"

"சேத்துல கால் வைக்கக் கூடாதுன்னு."

"நீங்க வைக்கல."

"வைக்கல மேடம். முக்காலிதான் வச்சுது."

ஆய்வாளரின் வாயோரம் அசைந்தது. ஆனால் சிரிக்கவில்லை. திரும்பி வந்து அறை வாசலில் சொன்னாள்: "கூட்டத்துல இதை நான் சொன்னா, தோத்துடுவோம்னு பயந்து கதை கட்டறேன்னு சொல்வாங்க. எடுத்தது நீங்க. நீங்கதான் சொல்லணும்."

கூட்டம் பள்ளிக்கூடத்து ஹாலில் நடந்தது. முன்வரிசையில் வடிகால் சங்கத்தார், நடுவில் சங்கத் தலைவர்; பம்பு வாடகைக்கு விடுகிறவர் அவர்தான். மூடியம்மா எழுந்து, வீட்டில் சொன்ன மாதிரியே, எதையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். முக்காலி என்கிற வார்த்தை வந்ததும் ஹால் சிரித்தது. சிரிப்பு அடங்கக் காத்திருந்துவிட்டு மீதியைச் சொன்னாள்.

தலைவர் முன்னால் சாய்ந்தார். "அப்ப அம்மா கொஞ்சம் இளைச்சிருந்தா சதுப்பு நல்ல சதுப்பா இருந்திருக்கும், இல்ல?"

மறுபடி சிரிப்பு.

"நான் இளைக்கலீங்க. நெலந்தான் இளைக்குது. வடிச்ச பக்கம் எவ்வளவு இளைச்சிருக்குன்னு தெரியணும்னா எங்க வாசலுக்கு வாங்க. அஞ்சு படி. ஆறாவதுக்கு எங்க வீட்டுக்காரர் செங்கல் எறக்கிட்டாரு."

இதற்கும் சிரித்தார்கள், ஆனால் கொஞ்சம் வேறுமாதிரி. ஹாலில் பாதிப்பேர் வீட்டு வாசலில் அவர் கட்டிய படி இருந்தது.

பிறகு ஆய்வாளர் பேசினாள். மூன்றாவது வளையத்தின் ஐந்து மாதத்தையும் அடித்துவிட்டதாகவும், மீதி எண்களை வைத்துப் பார்த்தால் லாபம் இருக்கிற மாதிரி தெரிவதாகவும், ஆனால் பாதிச் சதுப்புக்கு உரிய எண் கையில் இல்லாமல் தன்னால் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் சொன்னாள். மீத்தேன் இல்லை என்று அவள் சொல்லவில்லை. தண்ணீர் மட்டத்தை ஒரு சாண் இறக்கி, சேற்றைத் தொட்டும் தொடாமலும் நிறுத்தினால் குமிழ் குறையும், சேறும் காயாது, அதையும் பார்க்க வேண்டும் என்றாள். தலைவருக்கு இது பிடிக்கவில்லை. இருந்தாலும் எடுத்தவளே எழுந்து தப்பு என்று சொன்ன எண்ணை வைத்து மதகைத் திறக்க யாரும் கை தூக்கவில்லை. ஒரு வருஷம் மதகு அடைத்தே இருக்கட்டும், திரும்ப அளக்கட்டும் என்று முடிவாயிற்று.

மூடியம்மாவின் வேலையை மூன்று மாதத்துக்கு நீட்டித்தார்கள். போனமுறை போல ஒரு வருஷத்துக்கு இல்லை. காகிதத்தை அவள் இரண்டு தடவை படித்தாள், மடித்துப் பையில் வைத்தாள்.

நோட்டின் முதல் பக்கத்தில் பழைய விதியை அடித்து ஆய்வாளர் புதிதாக எழுதி ஒட்டினாள்: சேற்றின்மேல் எதுவும் வைக்கக் கூடாது. கால், பை, முக்காலி, கதவு, எதுவும். அந்தக் கதவை எடுத்தபோது அடியில் கோரைகூட முளைக்காமல் வெறும் சேறாகக் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை கொத்தனார் நீளமான நாலு கம்பங்களோடு வந்தார். வளையத்தில் இருந்து எட்டடி தள்ளி, பாதையின் இரண்டு பக்கமும், களிமண் தட்டுகிற வரை இறக்கினார். அவற்றின்மேல் குறுக்குக்கட்டை போட்டு, சேற்றைத் தொடாமல் பாலம்போல ஒரு பலகை, முதுகு சாய ஒரு தடுப்பு. ஆய்வாளர் மட்டப்பலகையைப் பிடித்துக்கொண்டு, "எங்க கத்துக்கிட்டீங்கண்ணா?" என்று கேட்டாள்.

"வீட்டுக்குப் போடறதுதான் மேடம். நம்ம ஊர்ல தரைய நம்பி எவன் உக்காருவான்?"

குழம்பிய சேறு அடங்க மூன்று வாரம் விட்டார்கள். அதன்பிறகு வந்த புதன்கிழமை மூடியம்மா புது இருக்கையில் உட்கார்ந்தாள். தண்ணீரைப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. கைக்கு எட்டும்படி நீட்டிவிட்ட கம்பியால் மூடியை இறக்கினாள், மூடியில் இருந்து இருக்கை வரை நீட்டிய மெல்லிய குழாயில் சிரிஞ்சு வைத்து முதல் குப்பியை நிரப்பினாள், ரப்பரைக் கட்டைவிரலால் இரண்டு தடவை அழுத்தினாள். பத்து நிமிஷம், இரண்டாவது குப்பி. முழங்கால் நன்றாகத்தான் இருந்தது. முக்காலி இப்போது வீட்டில் நிரந்தரமாக அக்காவின் காலுக்கடியில், கால் குணமான பிறகும்.

பதினேழாவது நிமிஷம் ஆய்வாளர் புதிதாகக் கண்ணாடி வைத்துக் கொடுத்த மூடி வழியாக ஒரு குமிழ் தெரிந்தது. மெதுவாக வந்தது, விளிம்பில் ஒட்டி நின்றது, உடைந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அசையவில்லை, குனியவில்லை. பலகையைப் பார்த்தாள், கம்பங்களைப் பார்த்தாள், தன் இரண்டு காலையும் பார்த்தாள்.

பிறகு நோட்டை மடியில் வைத்து, குறிப்பு என்று இருக்கிற கட்டத்தில் எழுதினாள்:

பதினேழாவது நிமிஷம். ஒரு குமிழ். நான் இல்லை.